பானை ஓட்டில் பிறக்கும் கதை

பள்ளிகளும் கல்லூரிகளும் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். மாணவர் எழுதும் வரலாற்றுக் கதைகளிற் பெரும்பாலானவை ஓர் அரண்மனையில் தொடங்குகின்றன. நள்ளிரவு, குதிரையின் குளம்பொலி, மாறுவேடம் பூண்ட இளவரசன், கோயிலுக்கும் கோட்டைக்கும் இடையே ஒரு சுரங்கவழி, முடிவில் ஒரு முடிசூட்டு விழா. எழுதியவர் புதியவராயினும் கதையை நாம் முன்னரே பத்து முறை படித்திருக்கிறோம் என்னும் எண்ணம் உண்டாகிறது. இது மாணவரின் குற்றம் அன்று. வரலாறு என்றால் அரசர் வரலாறு என்று நாம் அவர்களுக்குக் கற்பித்தோம். கதை என்றால் வாள் ஒன்றும் வேண்டும் என்று அவர்கள் தாமே முடிவு செய்துகொண்டனர்.

பழங்காலத்திற்குள் நுழைய வேறொரு வாயில் உண்டு. அது குப்பைமேட்டு வாயில். பண்டை மக்கள் உடைந்ததென்று எறிந்தவையும், வழியில் தவறவிட்டவையும், பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு மீண்டும் வாராமற் போனவையும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதை எழுதத் தொடங்கும் மாணவருக்கு இளவரசனும் வேண்டா, சுரங்கமும் வேண்டா. அப்படிப்பட்ட சில பொருள்களை இங்கே மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவற்றைக் கொண்டு எப்படி எழுதலாம் என்பதையும், எப்படி எழுதலாகாது என்பதையும் உடன் சொல்லுகிறேன்.

முதற்பொருள் செங்கடற் கரையில் கிடைத்தது. எகிப்து நாட்டின் கிழக்குக் கரையில் குஸைர் அல் கதீம் என்றோர் இடம் இருக்கிறது. உரோமர் காலத்தில் அது மியோஸ் ஹோர்மோஸ் என்னும் பெயரோடு துறைமுகமாக விளங்கியது. ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கம் கடல். நல்ல குடிநீரும் அங்கே அரிது. அவ்விடத்து அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்து, 2007 ஆம் ஆண்டில் பொருளை வெளியிட்டார். ஓட்டின் இரு பக்கங்களிலும் ஒரே தொடர் இருந்தது: ‘பானை ஒறி’. ஒறி என்பது நாம் வழங்கும் உறியே ஆகும்.

உறியை அறியாத தமிழர் இலர். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதபடி தயிரையும் வெண்ணெயையும் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் கயிற்றுப் பின்னல் அது. கண்ணன் கதையிலும் உறி வருகிறது. திருவிழாவில் உறியடியும் வருகிறது. அந்த எளிய வீட்டுச் சொல் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்று, எகிப்தின் மணலில் பானை ஓட்டின்மேல் தங்கிவிட்டது. அரசன் பெயர் அதில் இல்லை, வெற்றி இல்லை, கொடை இல்லை. ஒரு பானை, அதைத் தாங்கும் ஓர் உறி, அவ்வளவே.

இனி, மாணவர் செய்ய வேண்டிய முதற்காரியத்தைச் சொல்லுகிறேன். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் ஓடு சொல்வதை எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஓடு சொல்லாததை எழுதுங்கள். இடப்பக்கத்தில் எழுதுவதற்குச் சில வரிகளே கிடைக்கும். எழுத்து தமிழ்ப் பிராமி. சொற்கள் தமிழ்ச் சொற்கள். கிடைத்த இடம் செங்கடல் துறைமுகம். காலம் உரோமரின் கடல் வாணிகம் நடந்த காலம். வலப்பக்கமோ நிரம்பி வழியும். எழுதியவர் யார்? ஆணா, பெண்ணா? அவரே கடல் கடந்து சென்றாரா, அன்றி அவர் எழுதிய பானை மட்டும் கைம்மாறிச் சென்றதா? பானையில் இருந்தது ஊறுகாயா, நெய்யா, அரிசியா? ஏன் இரு பக்கமும் எழுதினார்? எப்பொழுது உடைந்தது? உடைந்தபோது அவர் வருந்தினாரா?

கதை வாழுமிடம் வலப்பக்கம். அங்கே நீங்கள் விரும்பியபடி உலவலாம். இடப்பக்கத்தில் உள்ள ஓர் எழுத்தையும் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. வரலாற்றுக் கதை எழுதுவோருக்கு இதனினும் பெரிய விதி ஒன்றை நான் அறியேன்.

இவ்விதி கற்பனையை நெரிக்கும் என்று சிலர் அஞ்சலாம். உண்மை அதற்கு மாறானது. அக்காலத்துக் கடற்பயணத்தையே எடுத்துக்கொள்வோம். கிரேக்க நிலநூலாசிரியரான ஸ்டிராபோ, மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 மரக்கலங்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாகத் தாம் அறிந்ததை எழுதியிருக்கிறார். அக்கலங்கள் நினைத்தபொழுது செல்லக் கூடியவை அல்ல. எகிப்திலிருந்து ஜூலைத் திங்களை ஒட்டிப் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு அரபிக் கடலைக் கடந்தன. செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு நாற்பது நாட் பயணம் என்று உரோம ஆசிரியர் பிளினி கணக்குச் சொல்கிறார். திரும்புங்கால் டிசம்பரிலோ, பிந்தினால் ஜனவரி முற்பாதிக்குள்ளோ நம் கரையை விட்டுப் புறப்பட வேண்டும். அப்பொழுது வீசும் வடகிழக்குக் காற்றே அவர்களை மேற்கே கொண்டு சேர்க்கும்.

இதனால் விளைவது என்ன? தமிழகத்திலிருந்து மார்கழியில் கப்பலேறிய ஒருவர் மாசி பங்குனி வாக்கில் செங்கடல் துறையை அடைந்தால், அடுத்த ஆடி வரையில் அவர் வீடு திரும்ப இயலாது. காற்று மாறும்வரை அந்த வறண்ட கரையிலே காத்திருக்க வேண்டும். அந்த நான்கைந்து திங்களில் அவர் என்ன செய்தார்? எந்த மொழியில் தண்ணீர் கேட்டார்? ஊரில் விதைப்பு நடக்கும் நாளில் மணலைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தார்? மாணவ நண்பர்களே, காற்றின் விதியை மதித்ததனால் ஒரு கதைக்கு வேண்டிய காத்திருப்பும் தனிமையும் நமக்குக் கிடைத்தன அல்லவா? ‘மறுநாளே கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தான்’ என்று எழுதியிருந்தால் இவை அனைத்தும் போயிருக்கும்.

இரண்டாம் பொருள் அதே கரையில், தெற்கே, பெரெனிகே என்னும் துறைமுகத்தில் கிடைத்தது. 1994 ஆம் ஆண்டு முதல் அங்கே அகழாய்வு நடைபெற்று வருகிறது. கோயில் முற்றம் ஒன்றின் தரையில் பதிந்திருந்த ஒரு பெரிய சாடியை ஆராய்ச்சியாளர் கண்டனர். சாடி இந்தியாவில் வனைந்தது. உள்ளே ஏறக்குறைய ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. கி. பி. முதல் நூற்றாண்டில் வைத்த மிளகு, அந்த வறண்ட மண்ணில் கெடாமல் மிளகாகவே இருந்தது!

இதன் மதிப்பை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். உரோமில் கருமிளகு இராத்தல் நான்கு தினாரிக்கு விற்றதெனப் பிளினி எழுதுகிறார். உரோம இராத்தல் நம் கணக்கில் கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஆகவே சாடியிலிருந்த மிளகு 23 இராத்தல். உரோமில் அதன் விலை 92 தினாரி. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் உரோமப் படைவீரன் ஒருவனுடைய ஓராண்டுச் சம்பளம் 225 தினாரி. எனவே அச்சாடி ஒரு போர்வீரனுடைய ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளத்துக்கு ஈடாகும். அத்தகைய பொருளை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? வைத்தவர் பூசகரா? கோயிலுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையா? காவலிருந்தவன் கண்ணில் படவில்லையா? புதையல் தேடும் கதை எழுதப் பேராவல் கொண்ட மாணவருக்கு இதோ ஒரு புதையல். பொன் அன்று, மிளகு.

மிளகைச் சொன்னபோது ஓர் எச்சரிக்கையும் நினைவுக்கு வருகிறது. சங்ககால வணிகன் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு உண்டான் என்று எழுதிவிடாதீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வந்த பின்னரே நம் நாட்டிற்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அத்தகையனவே. அக்காலத்துச் சமையலில் காரம் வேண்டுமெனில் மிளகையும் இஞ்சியையுமே நாட வேண்டும். இப்படி ஒவ்வொரு பொருளையும் ‘நீ எப்பொழுது இங்கே வந்தாய்?’ என்று கேட்டுப் பழகும் மாணவர் தம்மை அறியாமலே வரலாறு கற்றுவிடுகிறார்.

மூன்றாம் பொருள் நம்மைக் கீழ்த்திசைக்கு அழைக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்னும் பழைய துறையிடத்தில் சிறிய கல் ஒன்று கிடைத்தது. அதன்மேல் ‘பெரும்பதன் கல்’ என்னும் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. எழுத்து கி. பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அது பொற்கொல்லர் பொன்னை உரைத்து மாற்றுக் காணும் உரைகல். தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பொற்கொல்லரின் கருவி கடல் கடந்து அங்கே சென்றிருக்கிறது.

பொற்கொல்லருக்கு உரைகல் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். முகமறியாத ஊரில், மொழியறியாத மக்கள் நடுவில், அவரை நம்புவதற்குச் சான்றாக நிற்பது அக்கல்லே. வாங்குபவர் கண்ணெதிரே பொன்னை உரைத்துக் காட்டினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டா. அத்தகைய கல் தொலைந்த நாளில் அவர் நிலை என்னவாயிருக்கும்? இந்த ஒரு கேள்வியே ஒரு சிறுகதைக்குப் போதும்.

இனிக் கடலை விட்டுக் கரைக்கு வருவோம். நான்காவதாக நான் சொல்ல விரும்புவது பொருளைப்பற்றி அன்று, பொருளைத் தேடியவர்களைப்பற்றி. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை நீங்கள் அறிவீர்கள். அம்மேட்டின் பழைய இடிபாடுகளைக் குறித்து எழுதியவர்களுள் பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜாந்தீல் ஒருவர். அவர் வந்தது மேட்டைக் காண அன்று. சூரியனைக் கடந்து செல்லும் வெள்ளியைக் காண. 1760 ஆம் ஆண்டில் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். 1761 ஜூனில் அக்காட்சி நிகழ்ந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. அவரோ ஆடும் கப்பலில் இருந்தார். அளவு எடுக்க இயலவில்லை. எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே கருவிகளை அமைத்துக்கொண்டு விழித்திருந்தார். வேண்டிய நேரத்தில் மேகம் வந்து மறைத்தது. 1771 இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர்! கற்பனையில் இவ்வாறு எழுதினால், நம்பத்தகாதது என்று ஆசிரியர் சிவப்புக் கோடு இடுவார்.

பின்னர் 1930 ஆம் ஆண்டுகளில், ஊர்ச் சிறுவர்கள் அம்மேட்டிற் பொறுக்கிய மணிகளும் கற்களும் ழூவோ துப்ரெய் என்னும் அறிஞரின் கருத்தைக் கவர்ந்தன. 1944 இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். எங்கிருந்து வந்தது என்று வினவிப் புதுச்சேரிக்குச் சென்றார். 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரில் செய்த செந்நிறக் கலங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அக்கலங்கள் எக்காலத்தன என்பது ஐரோப்பாவில் முன்னரே தெரிந்த செய்தி. எனவே அவற்றோடு ஒரே மண்படையில் கிடைத்த நம் நாட்டுக் கலங்களின் காலமும் தெரியலாயிற்று. நாளிட்ட கடிதம் ஒன்று நாளிடாத கடிதங்களுக்கு நடுவே அகப்பட்டாற்போன்ற பேறு அது. 1989 முதல் 1992 வரை விமலா பேக்லி நடத்திய அகழாய்வு, அவ்வூரின் வாழ்வு வீலர் கருதியதினும் முன்னரே தொடங்கி, பின்னரும் நெடுங்காலம் நீடித்தது என்று காட்டியது. அறிஞரும் தம் முன்னோர் எழுதியதைத் திருத்துகின்றனர். மாணவர் தம் கதையைத் திருத்துவதில் நாணம் வேண்டா.

‘மண்படை’ என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். ஓர் ஓட்டுக்கு அதன் பக்கத்தில் இருப்பவையே சாட்சி. பெயர்த்து எடுத்துவிட்டால் அது ஊமையாகிவிடும். கதையின்மேல் கொண்ட அடங்காத ஆசையால் இவ்வுண்மையை மறந்த ஒருவர் உண்டு. ஹைன்ரிக் ஷ்லீமன் என்னும் ஜெர்மானியச் செல்வர், ஹோமரின் காவியம் பாடும் டிராய் நகரைக் காணும் வேட்கையோடு, 1871 இல் துருக்கி நாட்டு ஹிசார்லிக் மேட்டை அகழத் தொடங்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்கள் புதைந்திருந்த மேடு அது. தாம் தேடிய நகரம் அடியில் இருக்குமென்று எண்ணி, நடுவே பெரும்பள்ளம் வெட்டி, மேலிருந்தவற்றை அழித்துக்கொண்டே கீழே சென்றார். 1873 இல் பொன்னணிகள் கிடைத்தன. ‘பிரயாம் மன்னனின் செல்வம்’ என்று உலகுக்கு அறிவித்தார். ஆனால் அவை டிராய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை என்று பின்னர்த் தெளிவாயிற்று. தம் மனைவி அவற்றைச் சால்வையில் மறைத்து எடுத்துச் சென்றதாகவும் அவர் எழுதினார். அந்நாளில் அம்மையார் ஏதென்ஸ் நகரில் இருந்தார் என்பதும் பின்னர் வெளியாயிற்று. இடப்பக்கத்தில் கைவைத்தவரின் கதை இது. ஷ்லீமனின் உழைப்பையும் ஊக்கத்தையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அவர் வெட்டி எறிந்த மண்ணை மீண்டும் யாராலும் அடுக்க இயலாது.

ஆதலால், மழைக்குப் பின் வயலோரத்தில் பழைய ஓடோ மணியோ உங்கள் கண்ணிற்பட்டால் தோண்டாதீர்கள், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமும் தொல்லியல் துறையினரிடமும் சொல்லுங்கள். புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் ஏற்பட்டது. உண்மையான துணிகரச் செயல், கண்டதை எடுக்காமல் நிற்பதிலும் இருக்கிறது.

இன்னொரு வழியாகவும் இடப்பக்கம் கெடுவதுண்டு. அது பேராசையினால் அன்று, பெருமையினால். எகிப்தில் தமிழ் எழுதிய ஓடு கிடைத்தது என்று கேட்டவுடன், ‘எகிப்தைத் தமிழர் ஆண்டனர்’ என்று எழுத நம் கை துடிக்கிறது. ஓடு அப்படிச் சொல்லவில்லை. அது பானையையும் உறியையுமே சொல்லுகிறது. அதே துறைமுகத்தில் கிடைத்த வேறு இரு ஓடுகளில் கணன், சாதன் என்னும் இரண்டு பெயர்கள் உள்ளன. அவர்களை மன்னராக்கினால் அவர்களுக்கு நாம் நன்மை செய்தவர் ஆகோம். கப்பலில் சரக்கோடு சரக்காகப் படுத்துறங்கி, பிழைப்புக்காகக் கடலைக் கடந்த மனிதர்களாக அவர்கள் இருந்திருக்கலாம். நாம் சூட்டும் பொய்முடி அம்மனிதர்களை மறைத்துவிடும். மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. புலவர் பாடிய பாட்டு உண்டு. கணனுக்கும் சாதனுக்கும் ஓர் ஓடு மட்டுமே உண்டு. காலம் அவர்களை ஒரு முறை மறைத்தது. நாம் பொய்யாக எழுதினால் இரண்டாம் முறையும் மறைத்தவர் ஆவோம்.

சிறுவர்க்கும் ஒரு பொருள் சொல்லி முடிக்கிறேன். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015 ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் நாடறிந்தவை. ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் அங்கே கிடைத்தன. தக்களிகளும், பகடைகளும், உடைந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் கிடைத்தன. 2023 இல் அவ்வூரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அங்கே செல்லும் மாணவர் பெருங்கூட்டத்தோடு விரைந்து செல்லாமல், ஒரே ஒரு வட்டச் சில்லின் முன்னே சிறிது நேரம் நிற்பாராக. அதன் விளிம்பைத் தேய்த்த விரல்கள் யாருடையவை? எந்தத் திண்ணையில் அமர்ந்து தேய்த்தார்? ஆட்டத்தில் வென்றது யார்? மாலையில் யாருடைய குரல் கேட்டு ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தார்? வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து நடுவே கோடு கிழிப்பாராக. இடப்பக்கத்தில் ‘வட்டமாகத் தேய்த்த பானைச் சில்லு, கீழடி’ என்று எழுதிக்கொள்வாராக. வலப்பக்கத்தைத் தம் சொந்தத் தமிழால் நிரப்புவாராக. அந்தக் கதை அடுத்த ஆண்டு மலரில் வருமாயின், நாம் முன்பு படித்திராத கதையாக அது இருக்கும்.